ரெக்கார்டு சிக்கிக்கிச்சா, இல்ல இசையே இப்படித்தானா?

கேள்வி: ஃப்ரெண்டு ஒருத்தர் "மினிமலிசம் கேட்டுப் பாரு, வேற உலகம்"னு சொல்லி அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷோட ஒரு மணி நேர ஆல்பம் ஒண்ணு அனுப்பினார். ஹெட்ஃபோன்லாம் மாட்டிட்டு ஆசையா உக்காந்தேன். நாலு நிமிஷத்துல ஆப் ஹேங் ஆயிடுச்சோன்னு நிஜமாவே செக் பண்ணேன் சார், ஒரே விஷயம் திரும்பத் திரும்ப ஓடிட்டே இருக்கு. எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க, எனக்குத்தான் காது சரியில்லையா? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

பதில்: காதுக்கு ஒண்ணும் இல்ல. சின்னச் சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிச்சு, மெல்ல மெல்ல மாத்திக்கிட்டே போறதுதான் மினிமலிசம். ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சீங்க பாருங்க, அதுலதான் வேடிக்கையே, ஏன்னா இந்த இசையில ஒரு பெரிய கிளை மெஷின் சொதப்பினதுலேர்ந்து முளைச்சதுதான். 1965-ல ரைஷ், சான் ஃபிரான்சிஸ்கோவுல பொது இடத்துல நின்னு பிரசங்கம் பண்ண ஒருத்தரோட குரல்லேர்ந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து ரெண்டு டேப் மெஷின்ல லூப்பா ஓட விட்டார். ரெண்டும் ஒட்டிக்கிட்டே ஓடும்னு பாத்தா ஒண்ணு மயிரிழை வேகம் கூட. கொஞ்சம் கொஞ்சமா விலகி, ஒரு குரல் ரெண்டாகி, எதிரொலியாகி, கடைசில வார்த்தையே கரைஞ்சு வெறும் தாளமாயிடுச்சு. வேற யாராவது மெஷினை ரிப்பேருக்குக் குடுத்திருப்பாங்க, இவர் அதையே படைப்பாக்கிட்டார். 1967-ல அதே வித்தையை ரெண்டு பியானோவுல, மனுஷங்களை வச்சே பண்ணார். ஒருத்தர் நிலையா வாசிக்க, இன்னொருத்தர் நூலளவு வேகம் கூட்டி நழுவிப் போவார்.

கடுப்பானதுலயும் நீங்க முதல் ஆள் இல்ல. 1973-ல நியூயார்க் கார்னகி ஹால்ல இவரோட 'ஃபோர் ஆர்கன்ஸ்' வாசிச்சாங்க, நாலு எலக்ட்ரிக் ஆர்கன், ஒரு ஜோடி மரக்கா (கிலுகிலுப்பை மாதிரி குலுக்கற வாத்தியம்), ஒரே ஒரு கார்டு (பல சுரங்களை ஒண்ணா சேத்து வாசிக்கறது), அதையே இழுத்து இழுத்து கால் மணி நேரத்துக்கு மேல. வாசிச்சிட்டிருக்கும்போதே ஜனங்க நிறுத்தச் சொல்லி கத்த ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, எப்படிக் கேக்கறது? நமக்குப் பல்லவி முடிஞ்சா சரணம் எப்ப வரும்னு காத்திருந்தே பழக்கம், இங்க அப்படிக் காத்திருந்தீங்கன்னா பஸ் வராத ஸ்டாப்புல நிக்கற கதைதான். என்ன வரப்போகுதுன்னு பாக்காதீங்க, இப்ப என்ன மாறிட்டிருக்குன்னு பாருங்க. ஒரு மணி நேரம்னு சொல்றதப் பாத்தா உங்களுக்கு வந்தது 1976-ல முதல்ல அரங்கேறின 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸா' இருக்கணும். அதுல மொத்தமே பதினொரு கார்டுதான். முதல்ல பதினொண்ணையும் வரிசையா காட்டிடுவாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து விரிச்சு அதுமேல ஒரு தனி வீடே கட்டுவாங்க, கடைசில மறுபடி அந்தப் பதினொண்ணு. இன்னொரு தடவை போடுங்க, ஆனா இந்தத் தடவை கிளாரினெட்டை மட்டும் பிடிச்சுக்கோங்க. வாசிக்கிறவரோட ஒரு மூச்சு எவ்ளோ நேரம் தாங்குமோ அவ்ளோ நேரம்தான் அந்தத் துடிப்பு, மெதுவா எழும்பி மெதுவா அடங்கும், அலை மாதிரி. அடுத்த தடவை வைப்ரஃபோனை, அதாவது குச்சியால தட்டி வாசிக்கற உலோகப் பட்டை வாத்தியத்தை, கவனிங்க. அங்க இசைக்குழுவை நடத்தற கண்டக்டர் கிடையாது, "வாங்க, அடுத்ததுக்குப் போலாம்"னு சிக்னல் குடுக்கறதே அந்த வைப்ரஃபோன்தான். நான் முதல் ரெண்டு தடவை தூங்கிட்டேன், மூணாவது தடவைதான் அந்த சிக்னல் காதுல விழுந்துச்சு, அப்புறம் இன்னிக்கு வரைக்கும் அது எப்ப வரும்னு காத்துக்கிட்டுதான் கேக்கறேன்.

ஒரு மணி நேரம் ஒத்துவராதுன்னா ஆறேழு நிமிஷத்துல முடியற மாதிரி ரெண்டு சொல்றேன். இன்னொரு மினிமலிசக்காரர் ஃபிலிப் கிளாஸோட 'கிளாஸ்வொர்க்ஸ்' ஆல்பத்துல முதல் பீஸ், 'ஓப்பனிங்', வெறும் பியானோ, ஒரு கை மூணு மூணா போகும், இன்னொரு கை ரெண்டு ரெண்டா போகும், அந்த உரசல்தான் மொத்த ரகசியமும். இன்னொண்ணு எஸ்டோனியாக்காரர் ஆர்வோ பேர்ட், ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இறந்ததுக்காக 1977-ல எழுதின 'கான்டஸ்'. ஒரே இறங்குவரிசையை வயலின்ல ஆரம்பிச்சு டபுள் பேஸ் வரைக்கும் ஆளுக்கொரு வேகத்துல இறங்குவாங்க, கூட கோயில் மணி மாதிரி ஒரு மணி அடிக்கும். எல்லாரும் நிறுத்தினப்புறம் அந்த மணியோட ரீங்காரம் மட்டும் காத்துல நிக்கும் பாருங்க... வால்யூமைக் குறைச்சுக் கேட்டீங்கன்னா அது போச்சு.

கிளாஸோட 'ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்' ஆபராவுல (பாட்டு நாடகம்) மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், இடைவேளை கிடையாது. பாக்க வந்தவங்க நடுவுல எழுந்து போயிட்டு வரலாம்னு அவங்களே சொல்லிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

கேள்வி: கன்டெம்பரரி கிளாசிக்கல்னு தேடினா பேய்ப் படத்துக்குப் போட்ட பின்னணி மாதிரி ஒண்ணு வருது. மினிமலிசமும் இதுவும் ஒண்ணா?

பதில்: இல்லவே இல்ல, ஒரே அலமாரியில அடுக்கி வச்சுட்டாங்க, அவ்ளோதான். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மெலடியும் சீரான தாளமும் பழைய சமாச்சாரம்னு ஒரு கூட்டம் ரொம்பச் சிக்கலா எழுதிட்டிருந்தாங்க, அதுக்கு எதிர்த்திசையில கிளம்பினதுதான் மினிமலிசம். நீங்க கேட்டது லிகெட்டிங்கற இசையமைப்பாளரோட 'அட்மாஸ்ஃபியர்ஸ்' (1961) மாதிரி ஏதாவதா இருக்கலாம். அதை சினிமா டைரக்டர் குப்ரிக் அவர்கிட்ட கேக்காமயே தன்னோட விண்வெளிப் படத்துல போட்டுக்கிட்டார், அதான் சினிமா வாசனை. அதுல மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது, மேகம் மாதிரி நிறம் மட்டும் மாறும். பயமா இருந்தா இப்போதைக்கு விட்டுடுங்க, தப்பில்ல. புதுசுக்கு கேரலைன் ஷா எழுதின 'பார்டிடா ஃபார் 8 வாய்ஸஸ்' கேளுங்க. எட்டுப் பேர் குரல் மட்டும்தான், பேச்சு, முணுமுணுப்பு, பெருமூச்சு எல்லாம் பாட்டாயிடும். 2013-ல புலிட்சர் விருது வாங்கினப்ப அவங்களுக்கு வயசு முப்பதுதான்.

கேள்வி: நான் தூங்கறதுக்கு "அமைதியான பியானோ" ப்ளேலிஸ்ட்தான் போடறேன். இதெல்லாம் சீரியஸான இசையே இல்லைன்னு ஒருத்தர் கிண்டல் பண்றார்.

பதில்: அவரைத் தூங்கச் சொல்லுங்க. இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர் 2015-ல எட்டு மணி நேரத்துக்கு மேல ஓடற 'ஸ்லீப்'பை, கேக்கறவங்க தூங்கணும்னே எழுதினார். ஆனா உண்மையச் சொல்லணும்னா அந்த ப்ளேலிஸ்ட்ல பாதி, பஞ்சு மேல பஞ்சு வச்ச மாதிரி, எதை எடுத்து எங்க போட்டாலும் வித்தியாசம் தெரியாது. நடுவுல போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கியோட மூணாவது சிம்ஃபனியைச் சேத்துப் பாருங்க. 1976-ல எழுதினது, 1992-ல பாடகி டான் அப்ஷா பாடி வந்த ரெக்கார்டிங் பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. அதுவும் மெதுவாதான் போகும். ஆனா ரெண்டாவது பகுதியில வர்ற வரிகள், நாஜி ரகசியப் போலீஸோட சிறைச் சுவத்துல ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு அம்மாவுக்காக எழுதி வச்சது. அது தெரிஞ்சப்புறம் உங்களுக்குத் தூக்கம் வந்தா எனக்கு எழுதுங்க.

கேள்வி: நோட்டேஷன், அதாவது தாள்ல எழுதின இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாது. புரியுமா?

பதில்: புரியும். மினிமலிசக்காரர் டெர்ரி ரைலியோட 'இன் சி' (1964) வாசிக்கிறதுக்கான மொத்தத் தாளும் 53 குட்டித் துணுக்குதான், எதை எத்தனை தடவை வாசிக்கறதுன்னு வாசிக்கிறவங்களே முடிவு பண்ணிக்கணும். எழுதினவருக்கே ஒவ்வொரு தடவையும் எப்படி வரும்னு தெரியாது.

கையால புரிஞ்சுக்கணும்னா ரைஷோட 'கிளாப்பிங் மியூசிக்' (1972) இருக்கு. மூணு தட்டு, ஒரு விடுதல், ரெண்டு தட்டு, விடுதல், ஒண்ணு, விடுதல், ரெண்டு, விடுதல், மொத்தம் பன்னெண்டு எண்ணிக்கை. ஒருத்தர் அதையே மாத்தாம தட்டணும், இன்னொருத்தர் சில சுத்துக்கு ஒருமுறை ஒரு எண்ணிக்கை தள்ளித் தள்ளிப் போகணும், பன்னெண்டு தடவை தள்ளினா ரெண்டு பேரும் மறுபடி ஒண்ணா சேந்துடுவாங்க. நானும் தம்பியும் ட்ரை பண்ணோம். இதுவரைக்கும் நாலாவது தள்ளலைத் தாண்டினதில்ல, மாத்தாம தட்டற வேலைதான் கஷ்டமானதுன்னு அவன் இன்னும் சண்டை போட்டுட்டிருக்கான்.