முதியோர் இல்லத்தில் விஆர் நினைவுப் பயிற்சி: அம்மாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. இரண்டு ஆண்டுகளாக முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பெயர்களை மறக்கிறார். ஆரம்பநிலை டிமென்ஷியா என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த இல்லத்தில் தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) கருவியை வைத்து வாரம் மூன்று நாள் 'மூளைப் பயிற்சி' தரப்போகிறார்கள். தனிக் கட்டணம். நினைவாற்றல் திரும்பும் என்கிறார்கள். அம்மா மூக்குக்கண்ணாடி போடுபவர், காது மெஷினும் உண்டு. படுக்கையிலிருந்து எழும்போது சில நாள் தலை சுற்றும். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். ஆனால் நினைவாற்றல் திரும்பும் என்று நம்பிச் சேர்க்க வேண்டாம். அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது, பயிற்சி நேரத்தில் முகம் தெளிவாக இருக்கிறது என்றால் அதுவே போதுமான காரணம்.

முதலில், இல்லத்தில் என்ன தரப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விஆர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, 360 டிகிரி வீடியோ. கடற்கரை, தோட்டம், பழைய ஊர்த் தெரு என்று எதையாவது காட்டுவார்கள். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெளியே போக முடியாதவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. பேச்சுக்கும் ஒரு தொடக்கம் கிடைக்கும். ஆனால் இதில் பயிற்சி எதுவும் இல்லை. இரண்டாவதுதான் பயிற்சி என்று சொல்லத்தக்கது: அலமாரியிலிருந்து சொன்ன பொருள்களை மட்டும் எடுப்பது, வந்த வழியை நினைவில் வைத்துத் திரும்புவது, இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கவனிப்பது. சரியாகச் செய்தால் அடுத்த முறை கொஞ்சம் கடினமாகும், தடுமாறினால் எளிதாகும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் அது பயிற்சியே இல்லை. முதல் வகையைக் காட்டிவிட்டு இரண்டாவதற்கான கட்டணம் வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

சரி, இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. நீச்சல் பழகினால் நீச்சல்தான் வரும், சைக்கிள் ஓட்ட வராது. மூளைப் பயிற்சி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 2,802 பேர் சேர்ந்தார்கள். நினைவு, தர்க்கம், பார்த்ததைப் புரிந்துகொள்ளும் வேகம் என்று மூன்று வகைப் பயிற்சிகள். ஒவ்வொரு குழுவும் தான் பழகியதில் முன்னேறியது, மற்றவற்றில் முன்னேறவில்லை. 2014இல் வந்த பத்தாண்டு முடிவில் தர்க்கப் பயிற்சியின் பலனும் வேகப் பயிற்சியின் பலனும் மிஞ்சியிருந்தன. நினைவுப் பயிற்சியின் பலன் மட்டும் மிஞ்சவில்லை. அன்றாட வேலைகளில் சிரமம் குறைவு என்று பயிற்சி பெற்றவர்கள் தாங்களாகச் சொன்னார்கள். அதே வேலைகளைச் செய்யச் சொல்லிச் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் பிறர் பராமரிப்பு இல்லாமல் வாழ்ந்த, பெரும்பாலும் நலமான முதியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் அம்மாவின் நிலை வேறு.

விளம்பரம் இந்த அளவுக்கு நிதானமாகப் பேசாது. 'லுமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் 2016இல் 20 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. விஆர் அதை விடப் புதியது. அதன் ஆய்வுகளில் பல சிறியவை, சில வாரங்களில் முடிந்துவிடுபவை.

டிமென்ஷியா உள்ளவர்களிடம், அதுவும் பராமரிப்பு இல்லங்களிலேயே சோதிக்கப்பட்ட ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பெயர், அறிவுத் தூண்டல் சிகிச்சை. சிறு குழுவாக உட்கார்ந்து, 45 நிமிடம், ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவது, வகைப்படுத்துவது, பாடுவது, விளையாடுவது. மொத்தம் 14 அமர்வுகள், வாரம் இரண்டு. 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 201 பேர் பங்கெடுத்தார்கள். அறிவுத்திறன் சோதனையிலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிந்தது. அங்கே அரசு மருத்துவ வழிகாட்டுதல்கள் ஆரம்ப, நடுத்தர நிலை டிமென்ஷியாவுக்கு இதைப் பரிந்துரைக்கின்றன. கருவியே தேவையில்லை, பழக்கப்பட்ட ஒருவர் போதும். உங்கள் அம்மாவின் இல்லத்தில் இது நடக்கிறதா என்று கேளுங்கள். 'இல்லை, விஆர் மட்டும்தான்' என்று பதில் வந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

விஆரில் தனியாக ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. திரையில் படம் பார்ப்பதற்கும், தலையைத் திருப்பி, இடம் உணர்ந்து, வழி தேடுவதற்கும் மூளைக்கு வித்தியாசம் உண்டு. வழி தேட உதவும் மூளைப் பகுதியில்தான், டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் முதலில் கைவைக்கிறது. அதனால் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க விஆர் வழிதேடல் சோதனைகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நோயைக் காட்டிக்கொடுக்கும் கருவியே நோயை ஆற்றும் என்று ஆகாது. விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசினால் கவனமாக இருங்கள்.

இனி தலைசுற்றல். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்த ஒரு வரிதான். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் முதலில் அதற்கு மருத்துவம் பார்க்க வேண்டும். விஆர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண் 'நகர்கிறோம்' என்று சொல்ல, உட்காதின் சமநிலை உறுப்பு 'இல்லை' என்று சொல்லும்போதுதான் விஆரில் குமட்டலும் சுற்றலும் வருகின்றன. அதனால் காட்சியே தானாக ஓடும் படகு, ரயில், பறக்கும் வகைகள் வேண்டாம். ஒரே இடத்தில் இருந்து சுற்றிப் பார்ப்பது பரவாயில்லை. கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தே செய்யட்டும். முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கருவியைக் கழற்றியதும் எழுப்பக் கூடாது. சில நிமிடம் உட்கார்ந்திருந்து, பேச்சுக் கொடுத்து, அப்புறம் கைபிடித்து எழுப்ப வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது.

பேஸ்மேக்கர் இருந்தால், கருவியில் காந்தம் இருக்கலாம் என்பதால் இதய மருத்துவரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம். வலிப்பு வந்திருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இல்லாத ஆளையோ பொருளையோ பார்ப்பதாக அம்மா சொல்வதுண்டென்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். கருவியின் எடை சுமார் அரை கிலோ. கழுத்துத் தேய்மானம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

கண்ணாடியோடும் காது மெஷினோடும் கருவி மாட்ட முடிகிறதா என்று முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். அவசரத்தில் இரண்டையும் கழற்றிவிட்டு உட்கார வைப்பார்கள். சரியாகத் தெரியாமல், கேட்காமல் ஒருவர் தப்பாகச் செய்தால், கருவி அதை மறதி என்று பதிவு செய்யும்.

மறதி உள்ளவர் நேற்றுச் சம்மதித்தது இன்றைக்குச் செல்லாது. ஒவ்வொரு முறையும் கருவியைக் கையில் கொடுத்து, காட்டி, கேட்ட பிறகே மாட்ட வேண்டும். அவர் கையால் தள்ளினால் அன்றைக்கு அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பணியாளர் முழு நேரமும் இருப்பாரா, அம்மா பார்ப்பதையே அவரும் ஒரு திரையில் பார்ப்பாரா என்றும் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

பலனை எப்படி அளப்பார்கள் என்பதே கடைசிக் கேள்வி. விளையாட்டில் புள்ளி கூடுவது கணக்கில்லை. ஒரே நினைவுச் சோதனையை மாதாமாதம் வைத்தால், சோதனை பழகிப்போனதாலேயே மதிப்பெண் ஏறும். தொடங்கும் முன்பே நீங்களும் பணியாளரும் இரண்டு மூன்று அன்றாட விஷயங்களை எழுதி வையுங்கள்: தன் அறைக்குத் தானே திரும்புகிறாரா, சாப்பாட்டு மேசையில் பேசுகிறாரா, இரவில் தூங்குகிறாரா. முதல் மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். மாத முடிவில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒன்றும் மாறவில்லை, அம்மாவும் ஆவலாகக் கேட்கவில்லை என்றால் அந்தப் பணத்தை, வாரம் இரண்டு நாள் அவரைக் கைபிடித்து நடக்க அழைத்துச் செல்லும் ஒருவருக்குக் கொடுங்கள்.