இதழ்மேல் இதழ் படியும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருமண அழைப்பிதழுக்காக இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் எட்டு இதழ்கள் கொண்ட தாமரை ஒன்றை ஒரே இளஞ்சிவப்பில் வரைந்து, எல்லா இதழ்களையும் தேர்ந்தெடுத்து ஒபாசிட்டியை (கீழே இருப்பதை நிறம் மறைக்கும் அளவை) 50 விழுக்காடாகக் குறைத்தேன். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் நிறம் அடர்ந்து திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பூ முழுவதும் ஒரே சீராக வெளிறித் தெரிய என்ன செய்ய வேண்டும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எட்டு இதழ்களையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்திருந்தாலும், நீங்கள் குறைத்த அளவை மென்பொருள் ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனியாகவே கொடுத்திருக்கிறது. முதல் இதழ் தனக்குக் கீழே இருக்கும் தாளின் நிறத்தில் பாதியை மறைக்கிறது; அதன்மேல் விழும் இரண்டாவது இதழ், எஞ்சிய பாதியில் பாதியை மறைக்கிறது. ஆகவே இரண்டு இதழ்கள் படியும் இடத்தில் மறைப்பு 75 விழுக்காடு, மூன்று படிந்தால் 87.5 விழுக்காடு. நீங்கள் காணும் திட்டுகள் இந்தக் கணக்கின் விளைவுதான். மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை.

முதலில் இதழ்களின் ஒபாசிட்டியை 100க்கே திருப்பிவிட்டு, எட்டையும் ஒரு குரூப்பாகச் சேர்த்து, அந்த குரூப்புக்கு மட்டும் 50 கொடுங்கள். இப்போது மென்பொருள் பூவை முழுமையாக வரைந்து முடித்த பிறகே, அதனை ஒரே படமாகக் கருதி வெளிறச் செய்யும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இதழ்கள் எல்லாம் ஒரே நிறமாக இருப்பதால் அவற்றுக்கிடையே எல்லை மறைந்து, பூ ஒற்றை நிழலுருவாகிவிடும். நுனியில் அடர்ந்து அடியில் வெளிறும்படி ஒவ்வோர் இதழுக்கும் கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) கொடுத்தால் இதழ்கள் மீண்டும் பிரிந்து தெரியும்.

மெல்லிய கோடு கொடுப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கோட்டின் அகலத்தில் பாதி உருவத்தின் உள்ளேயும் பாதி வெளியேயும் அமைவதால், உள்நிறத்தையும் கோட்டின் நிறத்தையும் அவற்றின் ஆல்ஃபா அளவை (அந்தந்த நிறத்துக்கு மட்டுமான ஒபாசிட்டியை) கொண்டு தனித்தனியே வெளிறச் செய்தால், ஒரே கோடு இரண்டு நிறப் பட்டைகளாகத் தெரியும். நிறங்களை அமைக்கும் பலகத்தின் அடியில் இருக்கும் பொது ஒபாசிட்டியைக் குறைத்தால் இது நேராது.

கேள்வி: மூன்று வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மை கலப்பதுபோல் காட்ட விரும்புகிறேன். ஒபாசிட்டியைக் குறைத்தால் நிறங்கள் வெளிறுகின்றனவே தவிர, கலந்ததுபோல் இல்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒபாசிட்டி நிறங்களுக்குச் சராசரி காண்கிறது, உங்களுக்குத் தேவை பெருக்கல். திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலக்கும்) முறையில் அழுத்தமான சயான் (நீலப்பச்சை) வட்டத்தின்மேல் மஞ்சள் வட்டத்தை 50 விழுக்காட்டில் வைத்தால் வெளிறிய பச்சை கிடைக்கும்; வட்டங்களை அவற்றின் ஒபாசிட்டியோடு சேர்த்து மேல் கீழாக மாற்றி வைத்தால் நிறமும் மாறும். பிளெண்ட் மோடை (நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும் முறையை) மல்டிப்ளை என்று வைத்து ஒபாசிட்டியை 100 ஆகவே விட்டால், இரண்டு நிறங்களின் அளவுகளும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டு முழுப் பச்சை வரும்; எது மேலே இருந்தாலும் விடை ஒன்றே. வெள்ளையோடு பெருக்கினால் நிறம் மாறாது, கருப்போடு பெருக்கினால் கருப்புதான் மிஞ்சும் என்பதால், கரும்பின்னணியில் மல்டிப்ளை வட்டங்கள் காணாமல் போய்விடும். அங்கே ஒளிகள் கூடுவதுபோல் நடந்துகொள்ளும் ஸ்கிரீன் மோடைப் பயன்படுத்துங்கள்.

வட்டங்கள் தமக்குள் மட்டும் கலக்க வேண்டும், பின்னணியோடு கலக்கக் கூடாது என்றால், இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் அவற்றை குரூப் செய்து டிரான்ஸ்பரன்சி பலகத்தில் ஐசொலேட் பிளெண்டிங்கைத் தேர்ந்தெடுக்கலாம். அச்சுக்குப் போகும் கோப்பை முதலிலிருந்தே சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகளைக் கலக்கும்) முறையில் தொடங்குங்கள். ஆர்ஜிபியில் கிடைத்த அந்தப் பளிச்சென்ற பச்சையை நான்கு மைகளால் அச்சிட முடியாது. பாதி வழியில் மாற்றினால் கலப்பின் கணக்கே மாறிவிடும்.

கேள்வி: பிடிஎஃப் கோப்பில், ஒளிபுகும் பகுதிகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. அச்சிலும் வருமா? (வாசகர், மதுரை)

பதில்: பெரும்பாலும் வராது. பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் ஒளிபுகுதன்மை கிடையாது. 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 பதிப்புதான் அதற்கு இடம் கொடுத்தது. அச்சுக்கென்று வகுத்த பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ தரம் இன்றும் அதனை ஏற்பதில்லை என்பதால், அந்தத் தரத்தில் சேமிக்கும்போது மென்பொருள் உருவங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறது. அந்தத் துண்டுகளின் விளிம்புகளைத் திரை மென்மையாக்கிக் காட்டுவதால் தோன்றும் கோடுகளே நீங்கள் பார்ப்பவை. பெரிதாக்கிப் பார்க்கும்போதும் அவை தடிக்காமல் அதே மெல்லிய அளவில் நின்றால் கவலைப்பட வேண்டாம். அச்சகம் ஏற்றுக்கொண்டால், ஒளிபுகுதன்மையை அப்படியே காக்கும் பிடிஎஃப்/எக்ஸ்-4 தரத்தில் அனுப்புங்கள். எந்தத் தரமானாலும், எழுத்துகள் உள்ள லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டால் அவை வெட்டுப்படாமல் தப்பும்.