வாசகர் கேள்வி: விரல் விரித்த நகரம்

கேள்வி: கோபன்ஹேகனின் 'விரல் திட்டம்' என்று படித்தேன். நகரத்துக்கும் விரலுக்கும் என்ன தொடர்பு? இவ்வளவு காலம் அது தாக்குப்பிடித்தது எப்படி?

பதில்: டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் எப்படி வளர வேண்டும் என்று 1947இல் வரையப்பட்ட திட்டம் அது. பழைய நகரம் உள்ளங்கை. அதிலிருந்து ஹெல்சிங்கோர், ஹில்லரோட், ரோஸ்கில்ட, கோய போன்ற ஊர்களை நோக்கி நீளும் ஐந்து ரயில் பாதைகள் விரல்கள். புதுக் குடியிருப்புகள் பாதையை ஒட்டியே எழ வேண்டும். விரல்களுக்கு நடுவே வயலும் காடும் அப்படியே இருக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் பசுமை!

ஆனால் அன்று அது வெறும் வரைவுதான், சட்டமல்ல. வீடு பெருகினால் வரி வருமானம் கூடும் என்பதால், ஒவ்வொரு நகராட்சிக்கும் பசுமை இடத்தில் கை வைக்கும் ஆசை வரும். அதனால்தான் 2007இல் அரசு இதை எல்லா நகராட்சிகளையும் கட்டுப்படுத்தும் ஆணையாக்கியது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகம் பொதுவாக ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் அமைய வேண்டும். அதாவது ஏழெட்டு நிமிட நடை. அதைத் தாண்டினால் பலர் காரை எடுத்துவிடுவார்கள். என் கணிப்பில் திட்டத்தின் உயிர்நாடியே இந்த விதிதான்.

குறையும் உண்டு. எல்லாப் பாதையும் உள்ளங்கைக்கே போவதால், ஒரு விரலிலிருந்து பக்கத்து விரலுக்குப் போக நகர மையம் வரை போய்த் திரும்ப வேண்டும். லிங்பி என்ற புறநகரிலிருந்து இஷோய் என்ற புறநகர் வரை விரல்களைக் குறுக்கே இணைக்கும் 28 கி.மீ. இலகு ரயில் பாதை அதற்காகத்தான்.