பழைய கார்ல வேக்குவம் கேஜ் மாட்டினா பெட்ரோல் மிச்சமாகுமா?

ஆகும், ஆனா முள்ளைப் பாத்து கால் அழுத்தத்தை மாத்துனாத்தான். இஞ்சினுக்குக் காத்து போற பாதையில, த்ராட்டிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதிச்சா திறக்குற தட்டு) அப்புறம் உறிஞ்சல் எவ்வளவு இருக்குன்னு காட்டுற சின்ன மீட்டர் இது, ஒரு ரப்பர் ட்யூப் இழுத்து மாட்டிடலாம், பழைய மாருதி 800, பத்மினி மாதிரி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) இருக்குற வண்டிக்கு நல்லா பொருந்தும் (பழைய டீசலுக்கு வேலைக்காகாது).

ஸ்ட்ராவை விரலால நசுக்கிட்டு இளநி உறிஞ்சுங்க, வாய்க்குள்ள இழுவை ஜாஸ்தி ஆனா இளநி கொஞ்சூண்டுதான் வரும், விரலை எடுத்தா இழுவை போயிடும் இளநி மடமடன்னு வரும். ஆக்சிலேட்டரை ஒரேயடியா மிதிச்சாலும் அதே கதைதான், முள்ளு பூஜ்யம் பக்கம் விழும், கார்புரேட்டர் கூடுதலா பெட்ரோலை ஊத்தும்.

குன்னூர் ஏத்தத்துல கொண்டை ஊசி வளைவு முடிஞ்ச உடனே மிதிக்காம, முள்ளு சடார்னு விழாத அளவுக்கு மெதுவா குடுத்து ஏறுங்க, அதுக்காக முள்ளு மேலயே நிக்கணும்னு ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டாதீங்க, இஞ்சின் சும்மா கத்துறதுக்கே பெட்ரோல் போயிடும்.

அப்புறம், ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தமே கம்மி, ஆயிரம் அடி ஏறுனா மீட்டர்ல கிட்டத்தட்ட 1 இஞ்ச் (பாதரச அளவு) குறையும், அதனால மேட்டுப்பாளையத்துல ஐடிலிங்ல (ஆக்சிலேட்டரை மிதிக்காம இஞ்சின் சும்மா ஓடும்போது) 18 காட்டுனது ஊட்டியில 12 கிட்ட காட்டுனா இஞ்சின் போச்சுன்னு மெக்கானிக்கிட்ட ஓடாதீங்க.