பீர் வகைக்கு ஏற்ற மால்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் பீர் காய்ச்சப் பழகுகிறேன், லாகர், ஸ்டவுட், கோதுமை பீர் என்று ஒவ்வொன்றுக்கும் எந்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) எவ்வளவு போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஆறு வருடமாகக் கொல்லைப்புறத்தில் காய்ச்சுகிறேன். முதல் வருடம் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்ச ஆசைப்பட்டு, கடையில் கண்ணில் பட்ட மால்ட்டையெல்லாம் வாங்கி ஐந்து வகையைக் கலந்தேன். மொத்தம் நாலரைக் கிலோவில் கிரிஸ்டல் என்ற இனிப்பு மால்ட் மட்டுமே ஒரு கிலோ. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "பானகம் நல்லாருக்கு, எலுமிச்சம்பழம் பிழிய மறந்துட்டியா?" என்றார்.

அதிலிருந்து, சோறு எது, குழம்பு எது என்று முதலில் பிரித்துக்கொள்கிறேன். பில்ஸ்னர், பேல், மியூனிக் போன்ற அடிப்படை மால்ட்தான் சோறு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி இவற்றில்தான் உயிரோடு இருக்கும். நன்றாக வறுத்த வகைகளில் அது செத்துப்போயிருக்கும், அவை நிறத்துக்கும் மணத்துக்கும் மட்டும்தான்.

கிரிஸ்டலை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி நொறுங்கி டாஃபி போல இனிக்கும். முளைவிட்ட பார்லியை ஈரத்தோடு வேகவைத்து, உமிக்குள்ளேயே சர்க்கரையாக்கி, பிறகு வறுக்கிறார்கள். அந்த இனிப்பில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, பீரில் அப்படியே தங்கிவிடும். என் கணக்கு: மொத்த மால்ட்டில் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து.

லாகருக்குப் பில்ஸ்னர் மால்ட் ஒன்றே போதும். இருண்ட மியூனிக் லாகருக்கு மியூனிக் மால்ட்டே பெரும்பங்கு, நிறத்துக்கு ஒரு பிடி கறுப்பு மால்ட். இனிப்புக் குறைந்த கறுப்பு பீரான உலர்ந்த ஸ்டவுட்டுக்கு நூற்றுக்குப் பேல் 70, அவல் போல் தட்டிய பார்லி 20, வறுத்த பார்லி 10. இந்த வறுத்த பார்லி முளைகட்டாதது. அதன் காப்பிக் கசப்புதான் ஸ்டவுட்டின் அடையாளம், சாக்லேட் மால்ட் போட்டால் அது வராது. (சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் கிடையாது, நிறத்தால் வந்த பெயர்.)

கோதுமை பீருக்குப் பாதிக்கு மேல் கோதுமை மால்ட், மீதி பில்ஸ்னர். கோதுமைக்கு உமி இல்லாததால் வடிகட்டும்போது கஞ்சியாக அடைத்துக்கொள்ளும். இரண்டு கைப்பிடி நெல் உமி கலந்தால் சரியாகிவிடும். ஊரில் குப்பையாகக் கிடக்கும் உமியை இங்கே காசு கொடுத்து வாங்குகிறேன், என்ன செய்ய!

புது மால்ட் வாங்கினால் 50 கிராமைப் பொடித்து, 65 டிகிரி சூட்டில் 450 மில்லி வெந்நீரோடு பிளாஸ்கில் கால் மணி நேரம் மூடி வைத்து, வடிகட்டிக் குடித்துப் பாருங்கள். வறுத்த வகையானால் 10 கிராமை 40 கிராம் பேல் மால்ட்டோடு சேர்த்துப் போடுங்கள். இருபது லிட்டரைக் கொட்டுவதை விட ஒரு டம்ளரைக் கொட்டுவது மேல்.

பார்லி இங்கே மேற்குக் கேப்பில் விளைகிறது, கேலடனில் பெரிய மால்ட் ஆலையே உண்டு. ஆனால் இந்த மண்ணின் பழைய பீரான உம்கோம்போத்திக்குச் சோள மால்ட்டும் மக்காச்சோளமும்தான். சோளத்தின் மாவு வேகப் பார்லியை விட அதிகச் சூடு வேண்டும், அதனால் மேலே சொன்ன கணக்கு எதுவும் அங்கே செல்லாது. அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.