துறைமுகம் அடங்கினால் விண்டோ உறைகிறது!

கேள்வி: உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையில், கப்பல்கள் தம் இடத்தை ரேடியோவில் சொல்வதைப் பிடிக்கும் ஏஐஎஸ் ரிசீவர் ஒன்று பூட்டியிருக்கிறேன். திருகோணமலைக்கு வரும் கப்பல்களைத் திரையில் காட்ட, லினக்ஸ் மடிக்கணினியில் பைதனும், விண்டோ வரைய அதன் டிகின்டரும் கொண்டு ஒரு புரோகிராம் எழுதினேன். கப்பல்கள் ஓடும்போது விண்டோ திக்கித் திக்கியாவது வேலை செய்கிறது. எல்லாம் நங்கூரம் போட்டு நின்றுவிட்டால், பட்டனை அமத்தினாலும் அசையாது. ரிசீவர் பழுதா?

பதில்: ரிசீவரில் கை வைக்காதீர்கள் தம்பி. ‘ஆஃப்டர்’ போட்டு அடிக்கடி கூப்பிடும் ஃபங்ஷனுக்குள் சொக்கெட்டை, அதாவது ரிசீவரின் தரவு வந்து சேரும் இணைப்பு முனையை, வாசிக்கிறீர்கள் போலும். சேதி வரும்வரை அது திரும்பி வராது. அதுவரை பட்டனைக் கவனிக்க ஆளில்லை, படத்தைத் திரும்ப வரையவும் ஆளில்லை. பெரிய கப்பல் ஓடும்போது 2 முதல் 10 செக்கனுக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும். நங்கூரத்தில் நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். உங்கள் விண்டோ உறையும் கணக்கு இதுதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னேரம் பாண் ஓட்டோ வரும். அதற்காக 3 மணியிலிருந்தே படலையடியில் யாரும் காத்து நிற்பதில்லை. பாட்டுக் கேட்டதும் காசை எடுத்துக்கொண்டு ஓடுவோம். டிகின்டரிலும் அப்படிச் சொல்லி வைக்கலாம். ‘கிரியேட்ஃபைல்ஹேண்ட்லர்’ என்பதிடம் சொக்கெட்டையும் உங்கள் ஃபங்ஷனையும் கொடுத்துவிடுங்கள். தரவு வந்ததும், பட்டன், மவுஸ் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கவனிக்கும் டிகின்டரின் ஈவென்ட் லூப்பே உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். அதற்கு இது புது வேலையல்ல. லினக்ஸில் திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வரிடமிருந்து மவுஸ், கீபோர்ட் சேதிகள் வருவதும் ஒரு சொக்கெட் வழியாகத்தான்.

கூப்பிட்டதும் ஒரே ஒரு தடவை வாசியுங்கள். முழு வரி வந்திருக்கும் என்று நம்பாதீர்கள். தரவைக் கொண்டுவரும் டிசிபி முறைக்கு வரிக்கணக்குத் தெரியாது, ‘!ஏஐவிடிஎம்’ என்று தொடங்கும் கப்பல் சேதி வரியில் பாதி இப்போதும் மீதி அடுத்த தடவையும் வரலாம். வரி முடியும்வரை சேர்த்து வையுங்கள்.

அப்புறம், நான் பட்ட பாடு ஒன்று. வாசித்தது 0 பைட் என்றால் மறுபக்கம் இணைப்பை மூடிவிட்டது. உடனே ‘டெலீட்ஃபைல்ஹேண்ட்லர்’ போடாவிட்டால் லூப் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு இரவு என் மடிக்கணினியின் விசிறி அப்படி இரைந்தது. தூசு அடைத்துவிட்டதென்று நினைத்துத் திருகாணி முழுக்கக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். அடுத்த இரவும் அதே இரைச்சல்! ஒரு வரி விட்டதற்குப் பதினொரு திருகாணி.

விண்டோஸில் டிகின்டருக்கு இந்த வசதி கிடையாது. பக்கத்தில் தனியாக ஓடும் த்ரெட்டில் வாசித்து, வரிசையாகச் சேர்த்து வைக்கும் கியூவில் போட்டு, ‘ஆஃப்டர்’ மூலம் அந்தக் கியூவை எட்டிப் பார்க்க வேண்டும். உங்களிடம் லினக்ஸ் இருப்பதால் அந்தத் தலையிடி இல்லை.