கேள்வி – பதில்: கலைக்கூடத்தில் கயிறும் துணியும்

கேள்வி: மிருணாளினி முகர்ஜி என்ற சிற்பி கயிற்றில் முடிச்சுப் போட்டு உருவாக்கிய ஆளுயரச் சிற்பங்களின் படங்களை அண்மையில் பார்த்தேன். என் அம்மாவும் கயிற்றை முடிந்து, பூந்தொட்டி தொங்கவிடும் உறிகள் செய்வார். முடிச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று அருங்காட்சியகத்திலும் மற்றொன்று தாழ்வாரத்திலும் இருக்கின்றன?
– வாசகி, ஈரோடு

பதில்: முடிச்சைப் பொறுத்தவரை நீங்கள் பார்த்தது சரிதான். உறியின் கடமை தொட்டியைத் தாங்குவது. எடை ஒரு பக்கம் சாயாமல் நிற்க உங்கள் அம்மாவின் கைக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும், அது சிறிய திறமை அன்று. மிருணாளினி அந்தக் கடமையிலிருந்து கயிற்றை விடுவித்து, அதைக் கொண்டே ஓர் உடலை எழுப்ப முடியுமா என்று முயன்றார்.

1949இல் மும்பையில் பிறந்த அவர், பினோத் பிகாரி முகர்ஜி, லீலா முகர்ஜி ஆகிய கலைஞர்களின் மகள். பரோடாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்த கே. ஜி. சுப்ரமணியன், கைவினையையும் ஓவியத்தையும் மேல், கீழ் என்று பிரித்துப் பார்க்காதவர். 1970களின் தொடக்கத்திலேயே மிருணாளினி நார்க்கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். தறியும் கிடையாது, முன்கூட்டி வரைந்துகொண்ட வரைபடமும் கிடையாது. சாயமேற்றிய கயிற்றை உலோகச் சட்டத்தில் கட்டி, முடிச்சுமேல் முடிச்சாக உருவத்தை வளர்த்துக்கொண்டே போவார். முடிச்சை நெருக்கிப் போட்டால் பரப்பு இறுகி விறைத்து நிற்கிறது. தளர்த்தினால் கயிறு தன் எடையாலேயே தொய்ந்து, மடிப்பு மடிப்பாக விழுகிறது. இவ்விரண்டையும் மாறி மாறிக் கையாண்டுதான் தோளையும் இடுப்பையும், பூவிதழ்போல் விரியும் திறப்புகளையும் அவர் உண்டாக்கினார். 1984இல் முடித்த ‘யட்சி’யைப் படத்தில் பார்த்தால்கூட, தெய்வமா தாவரமா என்று பிரித்துச் சொல்ல இயலாத ஓர் இருப்பை உணரலாம்.

இருந்தும், இது வெறும் கைவேலை என்று ஒதுக்கியவர்கள் அவர் காலத்தில் இருந்தார்கள். புதுதில்லியின் தேசிய நவீன ஓவியக் கூடம் 2015இல் அவருடைய வாழ்நாள் பணியைத் தொகுத்துக் கண்காட்சியாக வைத்தது. அது தொடங்கிய சில நாட்களில் அவர் மறைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது 2019இல்தான்.

கேள்வி: துணியும் நூலும் இத்தனை காலம் கலையாகக் கருதப்படாமல் போனதற்கு யார் காரணம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இழை தாழ்ந்த பொருள் என்பதால் அப்படி நேரவில்லை. அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவும், ஏழைகளாகவும், வீட்டுக்குள் இருந்தவர்களாகவும் இருந்ததே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1919இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி ஆண், பெண் சமத்துவம் பேசியது. ஆனாலும் அங்கு வந்து சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. அப்படி நெசவுக்குப் போன ஆனி ஆல்பர்ஸ், பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், சேரும் விதத்தையே ஒரு சிந்தனையாக வளர்த்தெடுத்தார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி பெற்ற முதல் நெசவுக் கலைஞர் அவர்தான். போலந்தின் மக்தலேனா அபகனோவிச், பழைய கயிறுகளைப் பிரித்தெடுத்த நாரைக் கொண்டு நெய்து, உள்ளே ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய வடிவங்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்ட பிறகு, நெசவு என்றால் சுவரலங்காரம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

எனக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஓர் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே குளிருக்காகப் பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வைகள் தைத்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்பவர், இறந்துபோன கணவரின் வேலை உடைகளை வெட்டிச் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். அவ்வூரின் வேலையுடைப் போர்வைகளை உற்றுப் பார்த்தால், வெளுத்த நீலத்தின் நடுவே சட்டைப்பை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக நிற்பதைக் காணலாம். 2002இல் ஹூஸ்டனிலும் அதைத் தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, ஒவ்வொன்றும் தைத்தவரின் பெயரோடு தொங்கியது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நம்மூர்க் கைத்தறிக் கண்காட்சிகளில் சேலைக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது. நெய்தவரின் பெயர் எழுதியிருப்பது அபூர்வம். அதை எழுதி வைப்பதற்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது.

கேள்வி: இப்படிப்பட்ட படைப்புகள் நீண்ட காலம் நிலைக்குமா? இந்தியாவில் எங்கே பார்க்கலாம்?
– வாசகி, சேலம்

பதில்: வெளிச்சம், ஈரம், பூச்சி ஆகிய மூன்றும் இழையின் பகைகள். அதனால்தான் அருங்காட்சியகங்கள் துணிப்பொருட்கள் உள்ள அறைகளில் வெளிச்சத்தை ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குள் வைக்கின்றன. உள்ளே நுழைந்ததும் மங்கலாகத் தோன்றும், கண் பழகச் சில நிமிடங்கள் கொடுங்கள். மிருணாளினியின் படைப்புகள் தில்லியின் தேசிய நவீன ஓவியக் கூடத்திலும் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. எல்லா நாட்களிலும் காட்சியில் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.